பையில் இல்லாத மாத்திரை

ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்தால் நோயாளி எழுந்து உட்காருவார், நர்சைப் பார்த்தால் கையை நீட்டுவார், என்னைப் பார்த்தால் பையை மறைப்பார்.

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் நான் மருந்தாளுநராக இருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுப்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டில் கட்டிலாகப் போய், "வேற என்னென்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டு எல்லோருக்கும் எரிச்சலூட்டுகிறவன். புற்றுநோய் மருந்து லேசுப்பட்டதில்லை. கூடவே ஒரு சாதாரண மாத்திரை உள்ளே போனாலும் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும், இல்லாவிட்டால் தேவைக்கு மேல் ஏற்றிவிடும். அப்படிச் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு.

இப்போது பதவி உயர்வு என்று சொல்லி என்னை மாடியில் கொள்முதல் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஏ.சி. இருக்கிறது, சுழல் நாற்காலி இருக்கிறது, பேச ஆள்தான் இல்லை. மத்தியான நேரத்தில் பினாயில் வாசனையும் யாரோ கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தின் வாசனையும் ஒன்றாகக் கலந்து படியேறி வரும். உடனே கீழே ஓடிப்போய் யாருடைய பையையாவது கொட்டிப் பார்க்கவேண்டும் போலிருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் கடுக்க நின்ற அனுபவம் உங்களுக்கும் உண்டு. உங்கள் வீட்டு அலமாரியிலும் ஜவுளிக்கடைப் பையொன்றில் எதற்கு வாங்கினோம் என்றே மறந்துபோன மாத்திரைகள் கிடக்கும். உங்களிடம் சொன்னால் புரியும் என்றுதான் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஒண்ணும் இல்ல சார்

ஆரம்பத்தில் நான் பையெல்லாம் கேட்பதில்லை. வாயால்தான் கேட்பேன். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" "ஒண்ணும் இல்ல சார்." சரி என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். மனிதர்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

உழவர்கரைப் பக்கமிருந்து ஒரு கொத்தனார் வந்து படுத்திருந்தார். அன்றைக்கு அவருக்கு ஏற்றவேண்டிய மருந்து, வேலை முடிந்ததும் சிறுநீரில் ஒழுங்காக வெளியேறியே ஆகவேண்டிய ரகம். உள்ளே தங்கிவிட்டால் சிறுநீரகம் கெடும், வாயெல்லாம் வெந்து புண்ணாகும். வழக்கமான கேள்வியைக் கேட்டேன், வழக்கமான பதில் வந்தது. நர்ஸ் பாட்டிலை மாட்டப் போகிற நேரம், செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளக் குனிந்தார் மனிதர். சட்டைப் பையிலிருந்து வலி மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. பாதி காலியாகியிருந்தது. அந்த மருந்தை வெளியே போகவிடாமல் உடம்பிலேயே பிடித்துவைக்கிற வேலையைச் செய்வது அதே வலி மாத்திரைதான்.

பாட்டிலை மாட்டவேண்டாம் என்று நர்சுக்குக் கைகாட்டினேன். "ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னீங்களே!" என்று கத்தியேவிட்டேன். அவர் அட்டையை எடுத்து, ஊதித் தூசி தட்டி, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "இது மாத்திர இல்ல சார், ஒடம்பு வலிக்குப் போடுறது."

சவரிராயன் முசியே

அன்றோடு வாயால் மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டேன். வீட்டில் இருக்கிற மாத்திரை, டானிக், சூரணம், லேகியம் எல்லாவற்றையும் பையோடு கொண்டுவா என்பது சட்டமாயிற்று. எத்தனை விதமான பைகள் வந்தன! மஞ்சப்பை, பிரசாதப் பை, பேரப்பிள்ளையின் பழைய டிபன் பை. தோல் பையோடு வந்த ஒரே ஆள் சவரிராயன் முசியேதான்.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம், மரியாதைக்கு பிரெஞ்சு பாணியில் முசியே என்று கூப்பிடுவோம். முசியே ஒரு பழைய சொல்தா. குடலில் புற்றுநோய். கஞ்சி போட்ட சட்டையும் தொப்பியுமாக வந்து, தோல் பையைத் திறந்து, பெட்டி பெட்டியாக அடுக்குவார். எல்லாம் பிரான்சிலிருந்து மகள் அனுப்பியது. உள்ளே இருக்கிற துண்டுச்சீட்டைக்கூட பிரெஞ்சில் சத்தமாக வாசித்துக்காட்டுவார். எனக்கு அந்த மொழியில் தெரிந்தது வணக்கமும் நன்றியும்தான். நடுவில் ஒரு பெட்டி, இதயத்துக்காக அவர் வெகுநாளாகச் சாப்பிடுவது, ரத்தம் உறையாமலிருக்க. எங்கள் டாக்டர் கொடுத்த புற்றுநோய் மாத்திரையோ அந்த மருந்தின் வேகத்தை ஏற்றிவிடக்கூடியது. மணிக்கட்டில் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டேன். வாட்ச் இறுக்கம் என்றார். வாட்ச் மற்ற கையில் இருந்தது.

டாக்டர் உடனே அந்த இதய மருந்தை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக வயிற்றில் போடும் ஊசிக்கு மாற்றினார். இரண்டு மருந்தும் ஒன்றோடொன்று மோதுகிறது, நல்லவேளை முன்னாலேயே பார்த்தோம் என்று விளக்கினேன். முசியே நம்பவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அது பிரான்சு மருந்து, இது இந்தியா மருந்து. ஒண்ணு பேசுறது ஒண்ணுக்குப் புரியவே புரியாது, அப்புறம் எப்படிய்யா சண்ட வரும்?"

தனலட்சுமி அம்மாவின் பை

நான் பார்த்ததிலேயே அழகான பை தனலட்சுமி அம்மாவுடையது. பழைய நூல் புடவையை வெட்டி அவரே தைத்தது. காலைக்கு ஒரு அறை, மத்தியானத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. தீர்ந்துபோன அட்டைகளைக்கூடத் தூக்கிப் போடாமல் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். நோயாளி அவர் இல்லை, அவர் மருமகள் அமுதா. குருசுக்குப்பத்தில் மீன் விற்கிற வீட்டுப் பெண், உப்பளம் வட்டாரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணமாகி வருடம் திரும்புவதற்குள் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. கொண்டுபோய் அம்மா வீட்டில் விட்டுவிடு என்று சொல்ல நாலு பேர் இருந்திருப்பார்கள். தனலட்சுமி அம்மா பை தைத்தார்.

அமுதாவுக்கு வந்தது மெதுவாகப் போகும் வகை. தினமும் ஒரு மாத்திரை தவறாமல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குக் கட்டுக்குள் வந்துவிடும், வயதாகி வேறு ஏதாவதில் சாகலாம் என்று எங்கள் பெரிய டாக்டர் தைரியம் சொல்வார். இவளுக்கு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் நோயின் அளவு இறங்கவேண்டிய அளவுக்கு இறங்காமல் அடம் பிடித்தது. இன்னொரு பரிசோதனையும் இப்படியே வந்தால் மருந்தை மாற்றவேண்டும், அதிலும் நிற்காவிட்டால் சென்னைக்கு அனுப்பி எலும்பு மஜ்ஜை மாற்றவேண்டும், அதில் உயிருக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். இருபது சொச்சம் வயதுப் பெண்.

இப்படி ஆனால் எங்களுக்கு முதல் சந்தேகம், நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதுதான். இரண்டாவது சந்தேகம், வேறு ஏதோ மருந்து குறுக்கே நிற்கிறது. பையை நான் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். இரும்புச்சத்து மாத்திரை, வாந்தி மாத்திரை, அவ்வளவுதான். "வேற எதுவும் இல்லியாம்மா?" என்று அமுதாவைக் கேட்டால் அவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு மாமியாரைப் பார்ப்பாள். எப்போதும் அப்படித்தான், வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள். கூச்சம் என்று விட்டுவிட்டேன். பதில் மாமியாரிடமிருந்து வரும். டாக்டர் கொஞ்சம் கடுமையாக, "மாத்திரையைச் சாப்பிடுறியா, தூக்கிப் போடுறியா?" என்று கேட்டதுதான் தாமதம், தனலட்சுமி அம்மா ரப்பர் பேண்டை அவிழ்த்து அத்தனை காலி அட்டைகளையும் மேஜையில் கொட்டினார்: "எண்ணிப் பாருங்க டாக்டர், ஒண்ணு கொறஞ்சாலும் அவள கேக்காதீங்க, என்ன கேளுங்க."

ரோஸ் மருந்து

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். தங்கமான மனிதர். ஆனால் எந்தச் சீட்டு எழுதினாலும் கடைசி வரியில் அவர் கை தானாகவே ஒரு வயிற்றெரிச்சல் மருந்தை எழுதிவிடும். ரோஸ் நிறத்தில், புதினா வாசனையோடு இருக்குமே, அது. எங்கள் வார்டில் தலையணைக்கு அடியில் கைவிட்டால் செல்போன் கிடைக்கிறதோ இல்லையோ, ரோஸ் பாட்டில் கிடைக்கும்.

நுரையீரலுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த பூக்காரர் ஒருவர், அந்த மாத்திரையோடு சேர்த்தே ரோஸ் மருந்தையும் ஒரு மடக்கு குடித்துக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை கரைய வயிற்றில் புளிப்பு வேண்டும். புளிப்பை அடக்கிவிட்டால் விலை உயர்ந்த மாத்திரை உள்ளே போயும் பிரயோஜனமில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். மறுநாள் வேறொருவருக்காக, அதற்கு மறுநாள் இன்னொருவருக்காக. ஒவ்வொரு முறையும் தப்பை ஒப்புக்கொண்டு மாற்றி எழுதுவார், அந்தக் குணம் எல்லோருக்கும் வராது. கடைசியில் ஒரு நாள், நான் "சார்" என்று ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "உன் போன் அடிச்சாலே எனக்கு வயிறு எரியுதுய்யா, அந்த ரோஸ் மருந்துல ஒரு பாட்டில் எனக்கு அனுப்பு."

பிலோமினா சிஸ்டரின் கேக்

வார்டு என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது பிலோமினா சிஸ்டருடையது. தலைமை நர்ஸ். அவர் நடந்துவந்தால் மின்விசிறிகூடக் கொஞ்சம் ஒழுங்காகச் சுற்றும். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் கேக் செய்வார்கள். மழைக்காலத்துக்கு முன்பே பழங்களை ரம்மில் ஊறவைத்து, கேக் வெந்த பிறகும் மேலே ஊற்றுவார்கள். டப்பாவைத் திறந்தால் பக்கத்து வார்டில் படுத்திருப்பவர்கள் எழுந்து உட்காருவார்கள்.

அந்த வருடம் மூன்றாம் கட்டில் அம்மாவுக்குக் கிருமித் தொற்றுக்காக ஒரு மருந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கும் சாராய வகைக்கும் ஆகாது. முகம் சிவந்து, படபடத்து, வாந்தி எடுக்க வைக்கலாம். அவ்வளவு சின்னத் துண்டில் என்ன வந்துவிடப்போகிறது என்று சிஸ்டர். கீமோவில் ஏற்கெனவே வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு எதற்கு வீண் வம்பு என்று நான். அந்த அம்மாவோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான்தான் ஜெயித்தேன், வார்டில் ஒருவரும் அன்றைக்கு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சிஸ்டர் அந்தத் துண்டை வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்து, மருந்து முடிந்து உடம்பைவிட்டுப் போகிறவரை பொறுத்திருந்து, புது வருடம் பிறந்த பிறகு தன் கையாலேயே அந்த அம்மாவுக்கு ஊட்டினார். கெட்டுப் போயிருக்காதா என்று நான் கேட்டு வைத்தேன். இன்றைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் மாடி அறைக்கு ஒரு துண்டு வருகிறது, அதைச் சாப்பிடும்போதெல்லாம் அவர் அன்று சொன்ன பதில்தான் ஞாபகம் வரும்: "எங்க ஊட்டு ரம்முக்குப் பொறும ஜாஸ்தி சார், உங்க மருந்துதான் அவசரப்படும்."

பம்பளிமாஸ்

கீமோ கூடம் என்று ஒன்று உண்டு. காலையில் வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்களுக்கான இடம். ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களும் அங்கேதான் காத்திருப்பார்கள். வேறு போக்கிடம் இல்லாததால் எல்லோருடைய கதையும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கோபால் என்று ஒருவர், பழைய மில் தொழிலாளி, சிறுநீரகப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவந்தார். ரத்த அழுத்தம் திடீரென்று ஏறியது, உள்ளங்கை உரிந்தது, வாய் புண்ணாயிற்று. மருந்து அளவு அதிகமாகிவிட்ட அறிகுறிகள். ஆனால் அளவு சரியாகத்தான் இருந்தது. அவர் மனைவி அஞ்சலையின் பையைக் கொட்டினேன். மாத்திரைகளோடு குழந்தைத் தலை அளவுக்கு ஒரு பம்பளிமாஸ் உருண்டு வந்தது. வீட்டு மரத்துப் பழமாம். வைட்டமின் என்று தினமும் உரித்துக் கொடுத்திருக்கிறார் புண்ணியவதி. நாம் சாப்பிடுகிற மருந்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கட்டுகிற ஏற்பாடு ஒன்று உடம்பில் இருக்கிறது. இந்தப் பழம் அந்த ஏற்பாட்டைத் தூங்கவைத்துவிடும். அப்புறம் ஒரு மாத்திரை போட்டால் கூடுதலாகப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஆரஞ்சுப் பழம் கொடுங்கள், வாழைப்பழம் கொடுங்கள், இதை மட்டும் நிறுத்துங்கள் என்றேன். அஞ்சலை தலையாட்டினார். அடுத்த முறை வந்தபோது கோபாலுக்கு அழுத்தம் இறங்கியிருந்தது, கை தேறியிருந்தது. ஆனால் பையில் மறுபடியும் பம்பளிமாஸ், அதுவும் இரண்டு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவ்வளவு சொல்லியும் ஏம்மா கொண்டு வந்தீங்க?" என்று கூடமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அஞ்சலை பதறவே இல்லை. பழங்களை எடுத்து என் கையில் ஒன்றும் பிலோமினா சிஸ்டர் கையில் ஒன்றுமாகக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அவருக்குத்தான கேன்சரு, மரத்துக்கு இல்லியே சார், அது காய்க்கத்தான செய்யும்."

சிரிப்பு

கூடம் முழுக்கச் சிரித்தது. சவரிராயன் முசியே தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். தலையில் முடியில்லாத ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் கேன்சர் என்ற வார்த்தைக்கு அவ்வளவு பேர் சிரித்து நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. அன்று ரத்தம் கொடுக்க வந்து ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அமுதாவும் சிரித்தாள். ஒரு கையில் ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தாள், துப்பட்டா நழுவியது, வாயை மூட மறந்துவிட்டாள்.

அவள் ஈறுகளை அன்றுதான் பார்த்தேன். பல்லில் பாதி தெரியாத அளவுக்கு ஈறு தடித்து இறங்கியிருந்தது. அவளுடைய வகை நோயில் அப்படி வருவதில்லை. நான் கையில் பம்பளிமாஸோடு அப்படியே நின்றுவிட்டேன். வலிப்புக்காக ஒரு குறிப்பிட்ட மாத்திரையை வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு அப்படி ஈறு வளர்வதைப் படித்திருக்கிறேன், பார்த்தும் இருக்கிறேன். பம்பளிமாஸ் தூங்கவைக்கிற அதே ஏற்பாட்டை அந்த வலிப்பு மாத்திரை தட்டி எழுப்பி முடுக்கிவிடும். அமுதாவின் புற்றுநோய் மாத்திரை ஒவ்வொரு நாளும் ஒழுங்காக உள்ளே போய், வேலை செய்வதற்குள் பாதிக்கு மேல் கழிந்துகொண்டிருந்தது.

அவளிடம் தனியாகப் பேசவேண்டும். மாமியார் கணநேரம் நகரமாட்டார். பிலோமினா சிஸ்டரிடம் காரணத்தைச் சொல்லாமல் உதவி மட்டும் கேட்டேன். சிஸ்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேராகத் தனலட்சுமி அம்மாவிடம் போய்க் கையைப் பிடித்தார்: "வாங்கம்மா, இங்க ஒருத்தருக்கும் பை அடுக்கத் தெரியல, உங்க பையக் கொஞ்சம் எல்லாருக்கும் காட்டுங்க."

பவுடர் டப்பா

தனலட்சுமி அம்மா பெருமையோடு ஒவ்வொரு நாற்காலியாக அறைகளை விரித்துக் காட்டிக்கொண்டு போனார். எனக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். அமுதாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன், வலிப்பு மாத்திரை எப்போதிலிருந்து சாப்பிடுகிறாய் என்று. அவள் முகம் வெளிறிவிட்டது. இல்லை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "சின்ன வயசுலேர்ந்து சார்," என்றாள்.

மாத்திரை பவுடர் டப்பாவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா சம்பந்தி வீட்டுக்கு மீன் கொண்டுவரும்போது அதையும் கொண்டுவந்து கொடுப்பார். கல்யாணப் பேச்சிலேயே மறைத்தது. பிறகு சொல்ல நேரம் வரவில்லை, நோய் வந்த பிறகு தைரியம் வரவில்லை. அந்த மாத்திரைதான் இந்த மாத்திரையைக் கெடுக்கிறது, அதனால்தான் நோய் அடங்கவில்லை என்று விளக்கினேன். நீயாக நிறுத்திவிடாதே, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும், இதோடு மோதாத வேறு மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் மட்டும் சொல்ல அனுமதி கொடு என்று கேட்டேன். அத்தையிடம் போய்விடுமா என்று என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் சம்மதம் இல்லாமல் யாரிடமும் போகாது என்றேன்.

அவள் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். தனலட்சுமி அம்மா அந்தப் பக்கம் முசியேவின் தோல் பையைத் திறந்துவைத்துக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அமுதா சொன்னதை இன்றும் என்னால் சாதாரணமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை: "கேன்சர்னு சொன்னப்ப அத்த என்ன கட்டிக்கிட்டு அழுதாங்க சார், வலிப்புன்னு சொன்னா கட்டிக்குவாங்களான்னு தெரியல."

புது அறை

அமுதா தலையாட்டியதும் டாக்டரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மருந்தை மாற்றும் பேச்சையும் சென்னைப் பேச்சையும் தள்ளிவைத்தார். நரம்பு டாக்டர் பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். அது எதற்கு என்று மாமியாருக்குத் தெரியாதபடி புற்றுநோய்ச் சீட்டிலேயே மற்றவற்றோடு ஒன்றாக எழுதப்பட்டது. தனலட்சுமி அம்மாவின் பையில் அதற்கென்று ஒரு புது அறை தைக்கப்பட்டது. பவுடர் டப்பாவுக்குப் பவுடர் திரும்பியது.

அடுத்த பரிசோதனை முடிவு வந்த அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. டாக்டர் அறை வாசலில், வேறு எதற்கோ வந்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை நீட்டினார். இத்தனை நாள் இறங்காதது இறங்கியிருந்தது, நன்றாகவே இறங்கியிருந்தது. அதற்கடுத்த முறை இன்னும். அமுதா உள்ளே அழுதுகொண்டிருந்தாள், வாயை மூடாமல்.

தனலட்சுமி அம்மா வராந்தாவில் என்னைத் தனியாகப் பிடித்தார். பையைத் திறந்து புது அறையைத் தொட்டுக் காட்டி, "இது வலிப்புக்குத்தான சார்?" என்றார். நான் கூரையில் பல்லியைத் தேடினேன். "நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம். கல்யாணமான புதுசுல ஒரு நாள் தோட்டத்துப் பக்கம் வெட்டி வெட்டி இழுத்துக்கினு கெடந்தா. நான்தான் மடியில போட்டுக்கினு உக்காந்திருந்தேன். எழுந்து மயக்கம்னு சொன்னா. சரிம்மான்னுட்டேன்." கல்யாண அமர்க்களத்தில் மாத்திரை தவறியிருக்கும் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். தாங்க முடியவில்லை. பட்டும்படாமல், எத்தனை முறை கேட்டேன், தெரிந்த விஷயத்தை ஏனம்மா என்னிடம் சொல்லவில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்க என்னென்ன மாத்திரன்னுதான கேட்டீங்க? அவ மாத்திர சாப்புட்றது எனக்கு எப்படித் தெரியும்? விழுந்தத நீங்க கேக்கவே இல்லியே."

ஒரு வருடமாக நான் பையைக் கொட்டினேனே தவிர, அதைத் தூக்கி வந்தவரை மாத்திரையைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. தனலட்சுமி அம்மா பையின் வாயை இழுத்துக் கட்டினார். உள்ளே மருமகள் முகம் கழுவிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க சார், பாவம், பயந்துக்குவா."

எந்த மருந்தோடு எந்த மருந்து ஒத்துப்போகாது என்று தடித் தடியாகப் புத்தகம் போட்டவர்கள், ஒருத்தி மேல் ஒருத்தி வைத்த பிரியமே குறுக்கே நின்று மருந்தைக் கெடுக்கும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என் வேலை எவ்வளவோ சுலபமாகியிருக்கும்.